தேடி வரும் பள்ளி

ஜூலை மாதத்தின் கடைசி வாரம். பள்ளி முடிந்து பேருந்துக்காகக் காத்திருந்தேன். நான் பணியாற்றும் கடலோர ஊரில் உள்ள ஆர்.சி. தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை எதிரே வந்தார். அவர் ஓர் அருட்சகோதரி. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், தம்மிடம் ஐந்தாம் வகுப்பு முடித்து எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவனின் பெயரைச் சொல்லி, “நம்ம பையன் ஒழுங்கா வாரானா டீச்சர்?” என்று கேட்டார்.

“கொஞ்ச நாளா வரல சிஸ்டர்.”

“எத்தன நாளா?”

என்னால் சொல்ல முடியவில்லை. கைப்பேசியை எடுத்து வருகைப் பதிவுச் செயலியைத் திறந்து பார்த்தேன். ஒன்பது வேலை நாட்கள். ஒன்பது நாளும் அவன் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று பதிவு செய்தவள் நான்தான். அவனுடைய வகுப்பாசிரியரும் நான்தான்.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இரண்டு நாள் வீட்டில் நின்றிருக்கிறான். பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பாட்டி சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

“அந்தப் பள்ளிக்கொடத்துல ஒரு நாளு போவலன்னா சிஸ்டரு ஆளு விட்டுருவாவ. இங்க யாரும் வந்து கேக்கலியே அம்மா. தேடாத எடத்துக்கு எதுக்குப் போவணும்னு இருந்துட்டான்.”

அந்தத் தொடக்கப்பள்ளியில் அப்படி என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் எனத் தோன்றியது. எங்கள் தலைமையாசிரியரிடமும் அந்தப் பள்ளியிலும் அனுமதி பெற்று, எனக்குக் கிடைத்த சில ஈடுசெய் விடுப்பு நாட்களில் அங்கே போய் உட்கார்ந்தேன். நான் கத்தோலிக்கச் சமயத்தைச் சேர்ந்தவள் அல்லள். ஆகவே பல சொற்களையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன். அங்கு கண்டதையும், அதில் நம் பள்ளிகளுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதையும் இங்கே பகிர்கிறேன்.

பள்ளியும் பங்கும்

ஆர்.சி. பள்ளி என்று நாம் அழைப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு பங்கைச் சார்ந்தவை. ஒரு கோயிலையும் அதைச் சார்ந்த குடும்பங்களையும் சேர்த்துப் பங்கு என்கிறார்கள். பல இடங்களில் பங்குத்தந்தையே பள்ளியின் தாளாளர். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். மறைமாவட்டத்தின் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே மேலாண்மையின் கீழ் இருப்பதால், ஆசிரியர்கள் அவற்றுக்குள்ளேயே இடமாறுதல் பெறுகிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்கு ஊதியம் அரசு தருகிறது. கட்டடத்தையும் பராமரிப்பையும் நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. பாடநூல், சீருடை, சத்துணவு ஆகியவை நம் பிள்ளைகளுக்குப் போலவே அவர்களுக்கும் கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர் மக்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் ஆக்கிச் சிறுவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வழியாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கற்பித்தார். இதை அவருடைய கடிதங்களிலிருந்தே அறிகிறோம். அது சமயப் போதனைதான். ஆனாலும், பிள்ளை வழியாக வீட்டை அடைவது என்னும் வழி அப்போதே தொடங்கிவிட்டது. பெண் கல்வியில் 1844 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளின் கல்வியை நோக்கமாகக் கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பி.எட். படிப்பில் நாம் அனைவரும் படித்த 1854 ஆம் ஆண்டு உட்ஸ் அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறைக்கு வழி செய்தது. இன்றைய உதவி பெறும் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு அரசியலமைப்பு இதற்கு இரண்டு கரைகள் அமைத்தது. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைப் பிரிவு 30(1) தருகிறது. அரசு உதவி பெறும் நிறுவனத்தில் சமயத்தின் பெயரால் எவருக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 29(2). சிறுவர்களைப் பொறுத்தவரை, பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 28(3). நான் பார்த்த பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கிறது. பள்ளி நேரத்தில் எல்லாருக்கும் பொதுவான நீதிபோதனைதான். பிற சமயப் பிள்ளைகளும் அங்கே கணிசமாகப் படிக்கிறார்கள்.

ஒரு நாள் காலை

அந்த ஊரில் கோயில் மணி காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளை அடிக்கும். மூவேளைச் செபத்துக்கான மணி அது. பள்ளிக்கும் அதுவே கடிகாரம். பன்னிரண்டு மணி அடித்ததும் பாடத்தைச் சில நொடிகள் நிறுத்துகிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் செபிக்கிறார்கள், மற்றவர்கள் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். பிறகு பாடம் தொடர்கிறது.

காலையில் வாயிற்கதவருகே தலைமையாசிரியை நிற்கிறார். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம். “அப்பா கடலுக்குப் போயாச்சா?” “தம்பிக்கு அம்மை எறங்கிருச்சா?” என்று ஒரு கேள்வி. பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்திலேயே யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யார் வீட்டில் இரவு சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

சாப்பிடாமல் வருவது இங்கே பெரிய சிக்கலாக இருந்திருக்கிறது. தாய்மார் பலர் விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் பிறகு காலையில் அழும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குறைந்துவிட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள்.

வருகைப் பதிவு முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு துண்டுச்சீட்டு தலைமையாசிரியைக்குப் போகிறது. அதில் வராதவர்களின் பெயரோடு தெருவும் எழுதியிருக்கிறது. அதே தெருவிலிருந்து வரும் பிள்ளையை அழைத்து விசாரிக்கிறார். காரணம் தெரிந்தால் சீட்டிலேயே குறித்துவிடுகிறார். தெரியாவிட்டால் மதிய இடைவேளையில் ஓர் ஆசிரியரோ ஆயாவோ அந்த வீட்டுக்குப் போகிறார். அல்லது அந்தத் தெருவின் அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லி விடுகிறார்கள்.

அன்பியம் என்பது பங்கின் உள் அமைப்பு. தெருவாரியாகச் சில பத்துக் குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் முறைவைத்துக் கூடி, மறைநூல் வாசித்துச் செபிக்கிறார்கள். கூடவே யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை இல்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்ற பேச்சும் வருகிறது. பள்ளிக்கு அது தெருதோறும் கண்ணும் காதும் போல. பிற சமயத்தார் வாழும் இரண்டு தெருக்களில் அன்பியம் இல்லை. அங்கே முன்னாள் மாணவியரான இரண்டு தாய்மாரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

மதிய உணவின்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தட்டுக் கழுவ உதவுகிறார்கள். ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளை என ஆண்டு தொடக்கத்திலேயே இணைத்துவிடுகிறார்கள். என் வகுப்பு மாணவனுக்கும் அப்படி ஒரு சின்னப் பையன் இருந்திருக்கிறான். “அண்ணன் இப்ப எங்க சிஸ்டர்?” என்று ஜூன் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தானாம். அங்கே ஒருவனுக்கு அண்ணனாக இருந்த பிள்ளை, எங்கள் பள்ளியில் பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணாகியிருந்தான்.

ஊரின் நாட்காட்டி

எனக்கு அதிகம் உறைத்தது அவர்கள் ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துவைத்திருந்த விதம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அவற்றில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் மிகக் குறைவு. அரசின் நிவாரணத் தொகையும் கடனுமாகத்தான் ஓடும். நம் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. அதாவது வீட்டில் கையிருப்பு முழுவதும் தீர்ந்த வாரத்தில்தான் நாம், “நாளைக்கு அட்டை போட்டுக் கொண்டு வா, கூடுதல் நோட்டு வாங்கி வா” என்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். வாங்கி வராதவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். அந்த மாணவனும் நின்றிருக்கிறான். எனக்கு நினைவில்லை, அவனுக்கு நினைவிருந்தது.

தொடக்கப்பள்ளியில் ஜூன் கடைசி வரை பணம் செலவாகும் எதையும் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. ஊர் தெரிந்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடலுக்குப் போவதில்லை. தந்தையரைச் சந்திக்க வேண்டுமானால் அன்று திருப்பலி முடிந்த நேரமே நல்ல நேரம். அவர்களின் பெற்றோர் கூட்டம் அப்போதுதான் நடக்கும். நாங்களோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைத்துவிட்டு, “இந்த ஊர் ஆண்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறையே இல்லை” என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள். மாதத்தின் முதல் வெள்ளி மாலை கோயிலில் சிறப்பு வழிபாடு இருப்பதால் பெண்களும் அதற்கான அவசரத்தில் இருப்பார்கள்.

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 அன்று கொடியேற்றத்தோடு தொடங்கி ஆகஸ்டு 5 அன்று நிறைவடையும். நிறைவு நாள் எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. அந்த நாட்களில் பல வீடுகளில் உறவினர் வந்து தங்குவார்கள், வருகை குறையும். தொடக்கப்பள்ளியில் அந்த நாட்களில் புதிய பாடம் தொடங்குவதைத் தவிர்த்து, படித்ததை மீளப் பார்க்கவும் விளையாட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். நான் அதே வாரத்தில் பின்ன எண்களைத் தொடங்கி, பாதி வகுப்புக்குப் புரியவில்லை என்று வருந்தியிருக்கிறேன்.

இதற்கு ஒரு பெயர் உண்டு

பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும், ஆசிரியரும் அந்த வலையில் ஒரு கண்ணியாக இருப்பதும் கல்விக்கு உதவும் செல்வம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1980களில் எழுதினார். அதைச் ‘சமூக மூலதனம்’ என்று குறிப்பிட்டார். அங்குள்ள கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இடைநிற்றல் குறைவாக இருந்ததைக் கண்டு, அதற்கான காரணத்தைத் தேடியபோது இந்த விளக்கத்துக்கு வந்தார். அத்தகைய பள்ளியைத் தேடிச் சேர்க்கும் பெற்றோர் ஏற்கெனவே அக்கறை மிகுந்தவர்கள்தாமே, அப்படியிருக்கப் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிறர் அதை மறுத்தும் எழுதினார்கள். விவாதம் இருந்தாலும், நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் எளிது. ஒரு பிள்ளை பள்ளியில் நிலைப்பதற்கு, தன்னைத் தேட ஆள் இருக்கிறது என்ற நினைப்பும் ஒரு காரணம்.

நெருக்கத்தின் மறுபக்கம்

அந்தப் பள்ளியைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் அது உண்மையாகாது.

ஊரே பள்ளியாக இருக்கும் இடத்தில் ஊரின் பகையும் பள்ளிக்குள் வரும். கோயில் கணக்கு வழக்கில் முரண்பட்டு ஒதுங்கியிருக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளை, விளையாட்டில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். வேறு சமயத்தில் மணம் முடித்த ஒரு தாய், பெற்றோர் கூட்டத்துக்கு வரவே தயங்குவதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பது சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்குச் சுமை. “நெருக்கம் இருக்கிற எடத்துல பொறணியும் இருக்கும் டீச்சர். பிள்ளைங்க காதுல அது விழாமப் பாத்துக்கறதே பாதி வேல” என்றார் தலைமையாசிரியை.

நெருக்கம் மட்டுமே வாசிக்கக் கற்றுத்தராது என்பதும் உண்மை. அங்கும் ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அதற்கு எண்ணும் எழுத்தும் போன்ற திட்டங்களின் வழியே நாம் படும் அதே பாட்டைத்தான் அவர்களும் படுகிறார்கள்.

பெரிய கவலை வேறு. நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிகளின் வேன்கள் காலையில் ஊருக்குள் வந்துபோகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். எண்ணிக்கை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு பணியிடம் போகும். பணியிடம் போனால் மதியம் வீடு தேடிப் போக ஆளிருக்காது. தேட ஆளில்லாவிட்டால் இன்னும் சில பிள்ளைகள் நிற்பார்கள். நம் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் இதே சுழல்தான். இதில் நாம் போட்டியாளர்கள் அல்லர். ஒரே படகில் இருப்பவர்கள்.

நாங்கள் செய்தவை

அரசுப் பள்ளி எந்தச் சமயத்தையும் சாராதது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்போது வழிபாட்டை விட்டுவிட்டு, அக்கறைக்கான ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் தலைமையாசிரியரும் சக ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கியவை இவை.

முதலாவது, மூன்றாம் நாள் விதி. முதல் இரண்டு நாள் வராததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ‘இத்தனை நாள் வராததற்கு என்ன சொல்வது’ என்ற பயமே காரணமாகிவிடும். அந்தப் பயம் வேர்விடுமுன் போய்விட வேண்டும். முதல் நாள் அதே தெருப் பிள்ளையிடம் விசாரிப்பு, இரண்டாம் நாள் தொலைபேசி, மூன்றாம் நாள் நேரில். போகும்போது “ஏன் வரல?” என்று கேட்பதில்லை. “உன்னைக் காணோமேன்னு வந்தேன்” என்று தொடங்குகிறோம்.

இரண்டாவது, கைமாற்றும் நாள். மே மாதத்துக்குள், சுற்றுவட்டாரத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போய் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரோடு உட்காருகிறோம். மாற்றுச் சான்றிதழ் சொல்லாததை அவர் சொல்வார். யாருக்குக் கண்பார்வை குறைவு, யார் பாட்டியிடம் வளர்கிறார், யார் நன்றாகப் பாடுவார் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறோம். குடும்பச் சிக்கல்களை எழுதுவதில்லை; அவை செவியோடு இருக்கட்டும்.

மூன்றாவது, ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொருவருக்கும் எட்டாம் வகுப்பிலிருந்து ஓர் அண்ணனோ அக்காளோ. அவர்கள் ஒரே தெருவிலிருந்து வருபவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது, பெற்றோர் சந்திப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. சட்டப்படியான கூட்டம் அதற்குரிய நாளில் நடக்கிறது. அதோடு, பருவத்துக்கு ஒரு முறை ஞாயிறு காலை பத்து மணிக்கு மீன் ஏலக்கூடத்தில் ஒரு சந்திப்பும் வைக்கிறோம். கோயில் வளாகத்தைத் தருவதாகப் பங்குத்தந்தை சொன்னார். எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி வர வேண்டும் என்பதால் நன்றி சொல்லி, பொது இடத்தைத் தேர்ந்தோம். முதல் சந்திப்பிலேயே தந்தையர் பலர் வந்தார்கள்.

ஐந்தாவது, ஊர் நாட்காட்டி. தடைக்காலம், திருவிழாக்கள், கொடை, கந்தூரி, கருவாட்டுப் பருவம் ஆகியவற்றை ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பாடத்திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துத்தான் இப்போது திட்டமிடுகிறோம்.

இவை எல்லாம் எளிதாக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். தேர்வுப் பணி, பயிற்சி, இணையப் பதிவுகளுக்கு நடுவே மூன்றாம் நாள் சில முறை ஐந்தாம் நாளாகிவிடுகிறது. ஒருமுறை நாங்கள் தேடிப் போனபோது குடும்பமே வேலை தேடி வெளியூர் போயிருந்தது. அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்று கண்டறியப் பல வாரம் ஆனது. ஆனாலும், எந்தப் பிள்ளையைக் காணோம் என்று கேட்டால் இப்போது கைப்பேசியைப் பார்க்காமல் பதில் சொல்ல முடிகிறது.

அந்த மாணவன் நான் வீட்டுக்குப் போன மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டான். எதுவும் பேசவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். வருகைப் பதிவின்போது அவன் பெயரைக் கூப்பிட்டு, தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தேன். “உள்ளேன் டீச்சர்” என்றான். இப்போது அவன் எட்டாம் வகுப்பு. இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரு சின்னப் பையனுக்கு அவன்தான் அண்ணன். போன வாரம் வகுப்பறை வாசலில் வந்து நின்று என்னிடம் சொன்னான்: “டீச்சர், எங்க தம்பி ரெண்டு நாளா வரல. சாயங்காலம் நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”